கழுத்தில் தொங்கிய கேமரா

"உங்க அண்ணி கழுத்துல தொங்குச்சே, பாத்தீங்களா? உங்க கம்பெனி கேமரா! விலை வைக்கிறவர் பொண்டாட்டி நான், செல்போனை நீட்டிக்கிட்டு நிக்கறேன்."

பிறந்தநாள் விருந்திலிருந்து திரும்பிய சின்ன மருமகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். வயிறு அப்படி எரிந்தது.

"இப்ப வாங்காதே, கொஞ்சம் பொறு," என்றான் கணவன். புது மாடலுக்கு அந்த யானை விலையை வைத்தவனே அவன்தான்.

"எதுக்குப் பொறுக்கணும்?"

"வந்ததும் ஆசைப்பட்டு வாங்கறவங்களுக்கு ஒரு விலை. யோசிச்சு வாங்கறவங்களுக்கு அப்புறம் ஒரு விலை. அடுத்த மாடல் வந்துட்டா, இதைத் தள்ளிவிட ஒரு விலை. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான். ஆனா முதல் விலைக்கு ஆள் வரலேன்னா, விலை வெச்சவன் சீட்டு கிழிஞ்சிடும். இப்ப என் நிலைமை அதான். கடைங்கள்ல ஈ ஓட்டறாங்க."

"அதான் உங்க அண்ணி வாங்கிட்டாளே, மகாராணி!"

அவள் காதில் அதற்குமேல் எதுவும் ஏறவில்லை.

பெரிய மருமகளோ கேமராவைக் கழற்றுவதே இல்லை. ஆபீஸுக்குப் போனாலும் கழுத்தில் கேமரா, பல் டாக்டரிடம் போனாலும் கழுத்தில் கேமரா. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூட, "புது மாடல், கையில பிடிச்சுப் பாருங்களேன்" என்று நீட்டுவாள். ஆனால் அவள் அதில் ஒரு படம் எடுத்து யாரும் பார்த்ததில்லை.

"படம் எடுக்கவா வாங்கினா? படம் காட்ட வாங்கியிருக்கா," என்று சின்னவள் பொருமினாள்.

கணவன் வேலை எப்படியோ தப்பியது. விற்பனை சூடு பிடித்துவிட்டது. பிறகு அடுத்த மாடல் வந்தது. பழையது பாதி விலைக்கு இறங்கியது.

சின்னவள் அன்றைக்கே ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு, நேராகப் பெரியவள் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"அக்கா, பாதி விலைதான்! நீங்க இப்படி அவசரப்பட்டுட்டீங்களே, பாவம்."

பெரியவள் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு, வா வா. இதை எப்படி ஆன் பண்றதுன்னு எனக்குச் சொல்லிக் குடு."

சின்னவள் திகைத்தாள். "ஆன் பண்ணவே தெரியாமலா இத்தனை நாள் மாட்டிக்கிட்டு அலைஞ்சீங்க?"

"என்ன பண்றது? யாரும் வாங்கலை, வேலை போயிடும்னு தம்பி இங்க வந்து அவங்க அண்ணன்கிட்ட புலம்பினாரு. நான் ஒருத்தி வாங்கினாப் போதுமா? பாக்கறவங்க வயிறு எரிஞ்சாத்தானே கடைக்குப் போவாங்க? எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் வாங்கிட்டாங்க. இப்ப விலை இறங்கினதும் எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க."

பெரியவள் பிடரியைத் தடவிக்கொண்டாள்.

"திட்டட்டும். இந்தக் கழுத்து வலிதான்டி தாங்க முடியலை."