காலையில் வைத்த பெயர்

ஆஸ்பத்திரி சர்வரின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. ஆபரேஷனுக்குப் படுத்திருப்பவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரமோ அதற்குள்தான் இருந்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்காரி ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்து, புதிய பாஸ்வேர்டாகக் கைக்கு வந்ததை அடித்தாள். தன் பெயரில் பாதி, கணவன் பெயரில் பாதி வெட்டி ஒட்டி, பிள்ளைக்கென்று அன்று காலைதான் இருவரும் முடிவு செய்த பெயர்.

'இது பழைய பாஸ்வேர்டு. வேறு கொடுக்கவும்' என்றது திரை.

உள்ளே நுழையும் பக்கத்துக்குப் போய் அதையே போட்டாள். திறந்துகொண்டது.

"அப்பாடா, வயித்துல பால வார்த்தே!" என்றாள் தலைமை நர்ஸ். "யாரு வெச்சதாம்?"

கம்ப்யூட்டர்காரி அந்தப் பாஸ்வேர்டு வைத்த தேதியைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்.

"நாங்கதான்க்கா," என்றாள். "காலையில."