இர்ஷாத் அண்ணாச்சியின் காது

"அண்ணாச்சி, நாளைக்கு ஆழ்வார்குறிச்சி கோயில் கொடையில என் கிட்டார் கேக்கலைன்னா, அதோட என் சோலி முடிஞ்சிரும்!"

மேலப்பாளையத்தில் இர்ஷாத்தின் ரிப்பேர் கடை வாசலில், ஆட்டோவிலிருந்து ஆம்ப்ளிஃபயரை இறக்கும்போதே செந்தூர்பாண்டி புலம்ப ஆரம்பித்துவிட்டான்.

"குனிஞ்சுக்கிட்டே பேசாதயும்வே. நிமிர்ந்து, மூஞ்சியைப் பாத்துப் பேசும்" என்றார் இர்ஷாத்.

மரியாதை பார்க்கிற மனிதர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு செந்தூர்பாண்டி நிமிர்ந்தான்.

"கச்சேரி நடத்துறது பிரியதர்ஷினிங்கிற பொண்ணு. பாடுததும் அவதான். 'ஒன் கிட்டார் இருக்கா இல்லையான்னே தெரியல, கீபோர்டே போதும்'னு சொல்லுதா. நாளைக்கும் இப்படித்தான்னா வேற வேலை பாருன்னுட்டா. ஆசை ஆசையா கொச்சி வரைக்கும் போயி வாங்கிட்டு வந்த கண்ணாடி வால்வு வச்ச பழைய செட்டு அண்ணாச்சி இது. வால்யூமை முழுசாத் திருப்புனாலும் கூட்டத்துக்குள்ள காணாமப் போயிருது."

"எங்கிட்ட யாரு அனுப்புனா?"

"பாளையங்கோட்டை சவுண்ட் சர்வீஸ்காரங்க. நீங்க பெட்டி மேல கையை வச்சாலே போதும், கோளாறைச் சொல்லிருவீங்கன்னாங்க."

இர்ஷாத் சிரித்தார். பெட்டியை மேசைமேல் ஏற்றி வயரை மாட்டினார். மேசைக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு தொங்கியது. கடையின் பின்பக்கம் ஒரு திரை. அதற்கு அந்தப் பக்கம் வீடு. யாரோ பீடி இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"வாசியும்."

செந்தூர்பாண்டி வாசித்தான். இர்ஷாத் ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றார். சிவப்பு பல்பு ஒரு தடவை மினுக்கியது. இந்த ஏரியாவில் கரண்டு சரியில்லை போல.

"அடிச்சத்தம், அதான் பேஸு, கூடிப்போச்சுவே. தவிலும் டிரம்ஸும் போற பாதையிலயே ஓம்ம கிட்டாரும் போவுது. பொறவு எங்கன தனியாக் கேக்கும்?"

செந்தூர்பாண்டி மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அது.

இர்ஷாத் சுவிட்சை அணைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, முன்வரிசையில் இருந்த சின்ன வால்வைத் துணி சுற்றிக் கழற்றினார். வேறொன்றைப் பதமாக அழுத்தினார்.

"அது என்ன வால்வு அண்ணாச்சி?"

குனிந்திருந்தவர் பதிலே சொல்லவில்லை. வேலையில் இறங்கிவிட்டால் பேச மாட்டார் போலிருக்கிறது.

மறுபடி வாசித்தான். பல்பு இரண்டு தடவை மினுக்கியது.

"இப்ப நுனி ஏறிக் கீச்சுங்குது. அந்தப் பொண்ணு மேல எடுத்துப் பாடும்போது ரெண்டு பேரும் முட்டிக்கிடுவீங்க."

"அப்படியே சொல்லுதீங்களே அண்ணாச்சி! அப்ப என்னதான் வழி?"

"வால்வு பாதி வேலைதான்வே செய்யும். மீதி ஸ்பீக்கர் கையில இருக்கு. ஓம்ம ஸ்பீக்கர் அடியையும் நுனியையும் தூக்கிக் காட்டிட்டு, நடுவுல பள்ளம் பறிச்சிருது. மனுசன் பேசுத சத்தமெல்லாம் அந்த நடுவுலதான இருக்கு? கிட்டாரும் அங்கன நின்னு பேசணும்."

அலமாரியிலிருந்து காகிதக் கூம்பு பழுத்துப்போன ஒரு ஸ்பீக்கரை எடுத்து, தூசி தட்டி மாட்டினார். பழைய சின்ன வால்வையும் திரும்பப் போட்டார்.

"இது நடுவை மேடாக்கிக் காட்டும். பைய வாசியும்."

செந்தூர்பாண்டி பைய வாசித்தான். நாலே நாலு ஸ்வரம்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மனிதர் பேசுவதுபோல் கிட்டார் தெளிவாகப் பேசியது. அந்த நேரம் பார்த்து, அதுவரை ஓயாமல் கேட்ட கத்தரிச் சத்தம் நின்றுபோனது. சிவப்பு பல்பு எரிந்து, அணையாமல் நின்றது.

"இதுதான்வே!" என்று மேசையைத் தட்டினார் இர்ஷாத். "எடுத்துட்டுப் போயி ஜமாய்ச்சிட்டு வாரும்."

செந்தூர்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டாரை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என் பொழப்பைக் காப்பாத்திட்டீங்க அண்ணாச்சி. செத்தாலும் மறக்க மாட்டேன். ஓங்க காதுக்குக் கோயில்..." பாயிடம் போய் இதைச் சொல்கிறோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்ல, அந்தக் காதுக்கு வைரக் கடுக்கனே போடலாம்!"

"கடுக்கன் வேண்டாம்வே. கம்மலாப் போடும்" என்ற இர்ஷாத், திரையைப் பார்த்து, "முஃபீதா, இங்கன வா" என்றார்.

தலை முக்காட்டைச் சரிசெய்தபடி அவர் மனைவி வெளியே வந்தாள். இடுப்பில் பீடித் தட்டு. கையில், அந்தச் சிவப்பு பல்பிலிருந்து நீண்ட வயரின் முனையில் ஒரு காலிங்பெல் சுவிட்சு.

"அடி கூடிப்போனா ஒரு மினுக்கு, கீச்சுன்னா ரெண்டு, சரின்னா விடாம அமுக்கிப் பிடிச்சுக்கிடுவா. சவூதியில ஜெனரேட்டர் ரூம்ல கிடந்து என் ரெண்டு காதும் சுத்தமாப் போயி எட்டு வருசமாச்சு. அல்ஹம்துலில்லாஹ், இந்தக் கடை இவ காதுலதான் ஓடுது."

"ரொம்ப நன்றி, மதினி!" என்று அவளைப் பார்த்துக் குனிந்து கும்பிட்ட செந்தூர்பாண்டி, சட்டென்று நிமிர்ந்து இர்ஷாத்தின் முகத்துக்கு நேராகத் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து மறுபடியும் சொன்னான்: "ரொம்ப நன்றி, அண்ணாச்சி!"