வெண்ணெய் தடவிய சோள ரொட்டி

மேசையின் தலைப்பக்கம் அப்பா, அவருக்கு வலப்புறம் அவருடைய அக்கா, ஜன்னலோரம் மகன், சமையலறை வாசலை ஒட்டிய நாற்காலியில் மகள். இறைச்சியோடு பாலையும் வெண்ணெயையும் மகள் விட்டதிலிருந்து அவளுக்குத் தனிச் சமையல், தனி நேரம். இன்றைக்காவது எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடட்டும் என்றுதான் அம்மா இந்த மெக்சிகோ விருந்துக்கே மெனக்கெட்டாள். சாய்ந்த வெயிலில் கறுப்பு பீன்ஸ் மசியல் ஆவி விடுகிறது. மசித்த அவகாடோவின் மேல் எலுமிச்சைச் சாறு பளபளக்கிறது. நடுவில் இருக்கும் ரொட்டித் தட்டின் துணியை விலக்கியதும் வாசனை அம்மாவின் முகத்தில் அறைகிறது. அத்தனை சோள ரொட்டிகளும் மின்னுகின்றன.

"நீ குளிக்கப் போனப்ப பார்த்தேன், அட்டை மாதிரி வறண்டு கிடந்துச்சு. வெண்ணெய் தடவி வச்சேன்," என்கிறாள் நாத்தனார், பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு.

"அண்ணி, வெண்ணெயே கூடாதுன்னு காலையிலேருந்து படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"பீன்ஸுலதானே கூடாதுன்ன? ரொட்டியப் பத்தி யாரு சொன்னா?"

"அத்தை கைபட்டா தண்ணியிலயும் வெண்ணெய் மிதக்கும்," என்று சிரித்தபடி மகன் இரண்டாவது ரொட்டியை மடித்து வாயில் திணிக்கிறான். அப்பா விரலை நக்குகிறார். மறுபடி சுடுவதற்குச் சோள மாவு ஒரு பிடிகூட மிச்சமில்லை. மகள் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுகிறாள். "நீங்க எல்லாரும் சாப்பிடுங்கம்மா. எனக்கு பீன்ஸ் மட்டும் போதும். உள்ள போய்ச் சாப்பிட்டுக்கறேன்." அம்மா ஒரு ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போடுகிறாள். நாத்தனார் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "மெத்துன்னு இருக்கு அண்ணி," என்று சொல்லிவிட்டு, அம்மா அடுக்கிலிருந்து மகளின் தனிக் கிண்ணத்தை எடுக்கிறாள்.