மாறிப்போன காபி

பரிமளாவின் காபிக்கடைக்குள் யார் நுழைந்தாலும், அவர்கள் உட்காருவதற்குள் இயந்திரம் அவரவர் ருசிக்குக் காபி போட்டு மேசைக்கு அனுப்பிவிடும். யாரும் வாய் திறக்கவே வேண்டாம்.

ஆனால் இந்த வாரம் எல்லோருடைய காபியும் மேசை மாறி மாறிப் போனது. இயந்திரமே கம்பெனிக்குப் புகார் அனுப்பிவிட்டது. பழுது பார்க்க ஸ்டான்லி வந்தான். சரியாகாவிட்டால் இயந்திரத்தைக் கையோடு எடுத்துப்போக வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு.

"ஏனுங்க, சர்க்கரை போடாதது உங்களுதுங்களா?" என்று கையில் டம்ளரோடு பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டாள் நசீமா.

"ஆமாங்க. உங்க ஸ்ட்ராங் காபி இங்க வந்திருச்சு. இப்படி வந்து உட்காருங்க" என்றார் திருமூர்த்தி. இருவரும் ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். இதற்கு முன் பேசிக்கொண்டதில்லை.

ஸ்டான்லி இயந்திரத்தைத் திறந்து பார்த்தான். "பழுதே இல்லீங்கக்கா. யாரோ வேணும்னே மாத்தி வெச்சிருக்காங்க."

"கோள் மூட்டிருச்சா அது?" என்று சிரித்தாள் பரிமளா. "நான்தான் தம்பி. இத்தன நாளா கடையில ஒரு பேச்சுச் சத்தம் இல்ல. சரி, நீங்களும் ஒரு வாய் குடிச்சிட்டு முடிவு பண்ணுங்க."

கறுப்புக் காபி மட்டுமே குடிக்கும் ஸ்டான்லிக்கு நுரை ததும்பும் ஏலக்காய்ப் பால் வந்தது. அவன் இயந்திரத்தின் மூடியைச் சாத்தினான். டம்ளரைத் தூக்கிப் பிடித்து, கடை முழுக்கக் கேட்கும்படி கூவினான்:

"இது யாரோடதுங்க?"