காலரில் ஒரு கறை

"மனுஷங்களா இவனுங்க? தூ!"

சொல்லிக்கொண்டே கோல்கீப்பரின் வெள்ளைச் சட்டையைத் தொட்டியில் முக்கினேன். அணியின் துணிகளைத் துவைப்பது என் வேலை.

இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் காலுக்கு நடுவே பந்தை விட்டுவிட்டான். தலைகுனிந்து உள்ளே போனவன் மேல், படிக்கட்டில் நின்ற ரசிகர்கள் துப்பிய எச்சில் முதுகெல்லாம் காய்ந்திருந்தது.

சோப்புத்தூள் நெடிக்குத் தொண்டை கமறும். வழக்கம்போல ஓர் இருமல் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு தேய்த்தேன்.

அவனே வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது.

"உங்களுக்குத்தாண்ணே சிரமம்."

"விடு தம்பி. போன வருஷம் உன்னைத் தோள்ல தூக்கி ஆடின அதே நாறப் பசங்கதான். எவன் துப்பினான்னு பாத்தியா?"

"திரும்பவே இல்லண்ணே. ஒரு முகத்தைப் பாத்துட்டாலும் அப்புறம் மைதானத்துல இறங்க மனசு வராது. எனக்குன்னு நீங்க ஒருத்தராவது இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் நடந்தேன்."

"நான் இருக்கேன்டா" என்றேன்.

அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். "எல்லாம் போயிடுச்சு. காலர்ல இந்தச் சிவப்பு மட்டும் போகலியே. ரத்தமாண்ணே?"

ரத்தமில்லை. கோல் விழுந்த ஆத்திரத்தில் நானும் அந்தப் படிக்கட்டில்தான் நின்றிருந்தேன், வாயில் இதே சிவப்பு மிட்டாயோடு.

மிச்சமிருந்ததை உடனே துப்பிவிட வேண்டும் போலிருந்தது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விழுங்கிவிட்டேன்.