ஆள் இல்லாத பலகை

“வயித்து வலின்னா டாக்டர் சீட்டு எங்கே?” என்று கேட்டார் பொருளாளர்.

மூன்றாம் பலகைக்காரனுக்காக நாலாம் பலகைக்காரன் பரிந்து பேச வந்திருந்தான். பாத்ரூம்தான் போயிருக்கிறான், இப்போது வந்துவிடுவான் என்று அவன் முனகியது யார் காதிலும் ஏறவில்லை. பட்டியலில் மூன்றுக்கு நேராகச் சிவப்புப் பேனா பெருக்கல் குறி போட்டது.

மாணவர் ஆராய்ச்சிப் போட்டியில் தேர்வானவர்கள் தங்கள் ஆராய்ச்சியை மாநாட்டில் ஆளுக்கொரு பலகையில் ஒட்டி, பக்கத்தில் நின்று விளக்க வேண்டும். அவர்கள் வந்து போகிற செலவை, மாநாட்டை நடத்தும் சங்கம் திருப்பித் தரும். முதலில் கைக்காசைப் போட்டு வர வேண்டும். கடைசி நாள் மேடையில் கவர் கிடைக்கும்.

போன வருஷம் பாதிப் பேர் பலகையில் தாளை ஒட்டிவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேரில் சிலர் ஆள்மாறாட்டம் வேறு. அதனால் இந்த வருஷம் பொருளாளரே உட்கார்ந்து விதி எழுதினார். பார்வையாளர் வரும் நேரத்தில் ஆள் பலகைக்குப் பக்கத்தில் இல்லையென்றால் பணம் இல்லை. ஒருவருக்காக இன்னொருவர் நின்றால் இருவருக்கும் இல்லை.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தரிக்கோல். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. வெளியே முறைத்துக்கொண்டாலும் உள்ளூர அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அடுத்த வரிசைக்குப் போனார். பதினாலாம் பலகை தேமேயென்று தனியாக நின்றது. படமும் கட்டமுமாக அழகாகத்தான் செய்திருந்தாள், யாரோ ஒரு மாணவி. ஒட்டுவதில் இருந்த அக்கறை நிற்பதில் இல்லையே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினைந்தில் ஒரு பெண் நின்று, வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் இருக்கும் துருவைக் கரியால் வடிகட்டுகிற ஆராய்ச்சி. தொண்டை கட்டியிருந்தது, இருந்தும் நிறுத்தவில்லை. பொருளாளர் ஓரமாக நின்று கேட்டார். கரியை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று கேட்டதும் அவள் தடுமாறினாள். பலகையை மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் கழுத்து அட்டை புரண்டு கிடந்தது. இவ்வளவு பொறுப்பான பெண்ணிடம் அட்டையைத் திருப்பிக் காட்டு என்று கேட்க அவருக்கு மனசு வரவில்லை.

“பக்கத்துப் பலகையில நிக்க வேண்டியவ எங்கேம்மா?”

அவள் பதினாலாம் பலகையை ஒரு தடவை பார்த்தாள். “தெரியல சார்.”

“ஊர் சுத்தப் போயிருப்பா. சங்கத்துக் காசுன்னா இளக்காரம். உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு எதுக்கும்மா இந்தப் பொல்லாப்பு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பெண் என்று அதற்கும் சேர்த்து மெச்சினார். பதினைந்துக்கு நேராக ‘மிக நன்று’ என்று எழுதினார். பதினாலுக்குப் பெருக்கல் குறி மட்டும் போட்டால் ஆத்திரம் அடங்காது போலிருந்ததால், ‘பொறுப்பில்லாதவர்’ என்றும் சேர்த்து எழுதினார். கடைசி நாள் இதையெல்லாம் மேடையில் வாசிக்கப் போவதாகவும், அப்போதுதான் மற்றவர்களுக்கு உறைக்கும் என்றும் அவளிடமே சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கடைசி நாள். கவர்களை அவரே கொடுத்தார். பதினைந்து என்று கூப்பிட்டதும் ஒரு பெண் மேடைப் படியில் மெல்ல மெல்ல ஏறி வந்தாள். முகம் வெளிறி, உதடு காய்ந்து கிடந்தது.

கவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “நீ யாரும்மா? பதினஞ்சு வேற பொண்ணாச்சே.”

அந்தப் பெண் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அப்போதுதான் அவளைத் தோளில் தாங்கிப் பின்னால் வந்தவளைப் பார்த்தார். அன்றைக்கு அவர் மெச்சிய அதே பெண். கழுத்து அட்டை இன்றைக்கு நேராக இருந்தது. அதிலிருந்த நம்பர் பதினாலு.

அவள் மைக்கில் விழாதபடி நெருங்கி வந்து பேசினாள்.

“அன்னைக்கு இவ மயக்கம் போட்டு விழுந்துட்டா சார். வழியெல்லாம் டீயும் தண்ணியும்தான், கையில காசில்ல. ரூம்ல படுக்க வச்சுட்டு வந்தேன். நீங்க மூணாம் நம்பருக்குச் சொன்னது காதுல விழுந்துச்சு. அதான் இவ பலகைகிட்ட நான் போய் நின்னேன்.”

“அப்ப உன் பணம்?”

“எனக்கு அப்பாகிட்ட திட்டோட போயிடும். இவ வட்டிக்கு வாங்கிட்டு வந்திருக்கா சார்.”

பொருளாளரின் கை சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது. அவள் அவசரமாகத் தலையாட்டினாள்.

“இப்ப திருத்தினீங்கன்னா ரெண்டு பேருக்கும் போயிடும் சார். நீங்க எழுதின விதிதானே?”

அவர் கவரை நீட்டினார். வெளிறிய பெண் வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பிடித்தபடி படியிறங்கினார்கள்.

அடுத்து, விதியை மீறியவர்களின் பட்டியலைப் பொருளாளர் வாசிப்பார் என்று அறிவித்தார்கள். அவர் கேட்டு வாங்கிய நேரம் அது. மைக் முன்னால் போய் நின்றார். மூன்று என்று வாசிக்கும்போதே, அந்த வயிற்று வலியும் நிஜம்தானோ என்று அவருக்குத் தோன்றியது.

“பதினாலு” என்றார்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சினேகிதியை நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த நம்பருக்கு நேராகத் தன் கையால் எழுதியிருந்த வார்த்தையை வாசிக்க, கத்தரிக்கோலுக்கு வாய் வரவில்லை.