பாலம் வருதுடா

"செங், பாலம் வருதுடா. கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

வேனின் பின் சீட்டிலிருந்து சுன்-மெய் சொன்னதைக் கேட்டு, முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவர் லியாவ் திரும்பி முறைத்தார்.

"அவன்தான் வரலைங்கறியே. அப்புறம் யாருக்குப் பாலம் காட்டுறே?"

"சொல்லி வெச்சா குறைஞ்சா போயிடும்?" என்றபடி அவள் மடியிலிருந்த நீலச் சட்டையைத் தடவிக் கொடுத்தாள்.

சட்டை மகன் செங்கினுடையது. ஒன்பது நாளைக்கு முன்னால், இந்தத் தைனான் நகரத்து நாற்சந்தியில் அவன் ஸ்கூட்டர் மேல் லாரி ஏறிவிட்டது. உடல் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் வெளியூரில் விழுந்த உயிருக்கு வழி தெரியாதே! பெற்றவர்கள் வந்து, அவன் சட்டையைக் காட்டி, பாலம், படி, திருப்பம் எல்லாம் சொல்லிச் சொல்லித்தான் கூட்டிப் போக வேண்டும்.

கூட வருகிறானா என்று கேட்க இரண்டு காசு. ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழுந்தால் வருகிறான். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இல்லை.

காலையில் நாற்சந்தியில் சுன்-மெய்தான் காசைப் போட்டாள். விழுந்ததும் கையால் பொத்தி, விரலிடுக்கில் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்துவிட்டு, "வரமாட்டேங்கறான்" என்று காசுகளை அள்ளிக்கொண்டாள். "அவன் சாப்பிடற கடை, சுத்தற இடம் எல்லாம் போய்க் கூப்பிட்டுப் பார்ப்போம்."

ஐந்து மணிக்கு ரயில். மறுநாள் அடக்கம். அதற்குள் அவன் வராவிட்டால் காலத்துக்கும் இந்தத் தெருக்களில் நாதியற்று அலைய வேண்டியதுதான். வேன் ஓட்டிய குவான் அதை நினைத்து நினைத்து மணியைப் பார்த்துக்கொண்டான். செங்கின் கூட்டாளி அவன். ஒரே அறை, ஒரே தொழில்.

முதல் கடை மாட்டுக்கறி சூப். லியாவ் வாசலிலேயே நின்றுவிட்டார். "உழவன் வீட்டுல மாடு திங்கறதா? எங்கப்பன் பார்த்தா செருப்பாலடிப்பான்."

கடைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "செங்கோட அப்பாதானே? நீங்க மாடு சாப்பிடமாட்டீங்கன்னு அவன் சொல்லியிருக்கான். 'எங்கப்பா வந்தா பக்கத்துக் கடையில மீன் கஞ்சி வாங்கிட்டு வந்து இங்க உட்கார வைப்பேன், கோவிச்சுக்கக் கூடாது'ன்னான். உட்காருங்க, நான் வாங்கிட்டு வரேன்."

கஞ்சி வந்தது. லியாவ் தலையைத் தூக்காமல் குடித்தார். சுன்-மெய் காசைப் போட்டாள், பொத்தினாள், பார்த்தாள்.

"வரலைங்க."

ஆறு வருஷமாக லியாவ் இந்த ஊரை மிதித்ததில்லை. சீத்தாப்பழத் தோட்டத்தை விட்டுவிட்டுப் பட்டணம் போன பிள்ளையிடம், "உன் வாசப்படி ஏறினா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்று சொன்னவர். அவனும் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் போன் செய்து, "ஒரே ஒரு நாள் வாங்கப்பா, ஊரைச் சுத்திக் காட்டுறேன்" என்பான். லியாவ் போனை மனைவியிடம் கொடுத்துவிடுவார்.

கோட்டைக்குப் போனார்கள். ஆலமரம் விழுங்கிய பழைய கிடங்கைப் பார்த்தார்கள். இறால் சுருளைச் சூடாகத் தின்று லியாவ் நாக்கைச் சுட்டுக்கொண்டார். போன இடமெல்லாம் சுன்-மெய் ஒரு வாய் எடுத்துச் சட்டைக்கு முன்னால் வைத்தாள், காசைப் போட்டாள், பொத்தினாள். எங்கேயும் வரவில்லை.

"பிடிவாதக்காரப் பய. பிடிச்ச முயலுக்கு மூணே கால்!" என்றார் லியாவ்.

"யாரைச் சொல்றீங்க?"

அவர் வேனைப் பார்த்து நடந்தார். பகல் முழுக்க அவர் பிள்ளையைப் பெயர் சொல்லி ஒருதரம்கூடக் கூப்பிடவில்லை என்பதைக் குவான் கவனித்திருந்தான்.

மூன்றரை மணிக்குக் குவான் வேனைக் கால்வாய் ஓரம் நிறுத்தினான். "கடைசியா எங்க கடைதான்மா இருக்கு."

சின்னக் கடை. இழுத்துச் சாத்திய கதவுக்கு மேலே பலகை. லியாவ் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'லியாவ் தெ-ஃபூ சீத்தாப்பழ ஐஸ்.'

அவருடைய முழுப்பெயர்.

குவான் கதவைத் திறந்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தான். லியாவ் ஒரு கரண்டி வாயில் வைத்தவர் அப்படியே நின்றார். "இது... என் தோட்டத்துப் பழம்." மனைவியைப் பார்த்தார். "வருஷா வருஷம் குரங்கு தின்னுடுச்சுன்னு சொன்னியேடி?"

"ஆமா. இந்தக் குரங்குதான்." சுன்-மெய் சட்டையை நீட்டினாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

லியாவ் அதை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "செங்! ஐயோ செங்! அப்பா வந்திருக்கேன்டா. உன் வாசப்படி ஏறிட்டேன்டா. ஊரெல்லாம் பார்த்துட்டேன். நீ காட்ட நான் பார்க்கலையேடா... வாடா, வீட்டுக்குப் போலாம்!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

சுன்-மெய் காசைப் போட்டாள். இந்த முறை பொத்தவில்லை. ஒன்று பூ, ஒன்று தலை.

லியாவ் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். "படி இருக்கு, பார்த்துடா செங். இடது பக்கம் திரும்பணும். இதோ வேன், தலையைக் குனிஞ்சு ஏறு" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார்.

குவான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கடைசி நேரத்துலயாவது அவன் வந்தானேம்மா!"

காசுகளைக் கைக்குட்டையில் முடிந்தபடி, சுன்-மெய் கணவரின் முதுகைப் பார்த்தாள்.

"அவன் காலையிலேயே வந்துட்டான்பா. இவருதான் இப்ப வந்தாரு."